வேலைக்கு முந்தைய சைக்கோமெட்ரிக் தேர்வு: விண்ணப்பதாரருக்கான முழுமையான வழிகாட்டி

விண்ணப்பம் அனுப்பிய சில நாட்களில் நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல் வருகிறது. அதில் ஓர் இணைப்பும், தேர்வை முடிக்க வேண்டிய கடைசித் தேதியும், இது ஒரு சைக்கோமெட்ரிக் (உளவியல் அளவீட்டு) தேர்வு என்ற ஒற்றை வரியும் இருக்கின்றன. என்ன கேட்பார்கள், எதைப் படிக்க வேண்டும், விடைகளை யார் பார்ப்பார்கள் என்பதெல்லாம் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. இந்த இடத்தில் விண்ணப்பதாரர்கள் சிலர் பள்ளித் தேர்வைப் போல ஒவ்வொரு வினாவுக்கும் ‘சரியான விடை’ தேடத் தொடங்குகிறார்கள். வேறு சிலர் இதற்கெல்லாம் தயாராகவே முடியாது என்று விட்டுவிடுகிறார்கள். தேர்வின் ஒரு பாதிக்கு முதல் எண்ணம் பொருந்தும். மறுபாதிக்கு இரண்டாவது எண்ணம் ஓரளவு பொருந்தும். எந்தப் பாதி எது என்று பிரித்தறிவதில்தான் தயாரிப்பு தொடங்குகிறது.

இரண்டு குடும்பங்கள்

முதல் வகை திறன் தேர்வு. எண்களைக் கையாளுதல், படித்ததிலிருந்து முடிவுக்கு வருதல், உருவங்களின் வரிசையில் உள்ள விதியைக் கண்டுபிடித்தல் போன்றவற்றில் ஒருவர் குறிப்பிட்ட நேரத்துக்குள் அதிகபட்சம் எவ்வளவு செய்ய முடியும் என்பதை இது அளக்கிறது. இங்கே சரியான விடை உண்டு, மதிப்பெண் உண்டு, பயிற்சிக்கும் பலன் உண்டு. இரண்டாவது வகை ஆளுமை வினாத்தாள். ஒருவர் வழக்கமாக எப்படி நடந்துகொள்கிறார், எதை விரும்புகிறார், நெருக்கடியில் எப்படி இருக்கிறார் என்று அது கேட்கிறது. அதில் சரி, தவறு என்ற விடைகள் இல்லை. அந்தப் பணிக்குக் கூடுதலாகப் பொருந்துகிற விடைகளும் குறைவாகப் பொருந்துகிற விடைகளும் மட்டுமே இருக்கின்றன.

இரண்டும் ஒரே காலத்தில் பரவலான பயன்பாட்டுக்கு வந்தவை. முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கிய 1917-ஆம் ஆண்டில், உளவியலாளர் ராபர்ட் யெர்க்ஸ் தலைமையிலான குழு படையில் சேர்ந்தவர்களுக்காக ‘ஆர்மி ஆல்ஃபா’ என்ற எழுத்துத் தேர்வையும், ஆங்கிலம் படிக்க இயலாதவர்களுக்காக ‘ஆர்மி பீட்டா’ என்ற படத் தேர்வையும் உருவாக்கியது. ஏறக்குறைய 17 லட்சம் பேர் இவற்றை எழுதினர். அதே போரின் அதிர்ச்சியால் மனம் குலையக்கூடிய வீரர்களை முன்கூட்டியே அடையாளம் காண்பதற்காக ராபர்ட் உட்வொர்த் ஒரு வினாத்தாளை வடிவமைத்தார். இன்று கணினித் திரையில் நீங்கள் காணும் தேர்வுகளில் பெரும்பாலானவற்றின் வேர்கள் இந்த இரண்டிலும் இருக்கின்றன.

நிறுவனங்கள் இவற்றை நாடுவதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. முன்தயாரிப்பின்றி நடக்கும் உரையாடல் பாணி நேர்காணல், ஒருவர் பின்னாளில் எப்படி வேலை செய்வார் என்பதைக் கணிப்பதில் பலவீனமானது என்று ஆய்வுகள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்ட்டர் இருவரும் 1998-இல் வெளியிட்ட, பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிடும் தொகுப்பாய்வு, பொது அறிவுத்திறன் தேர்வுக்கும் பணிச் செயல்பாட்டுக்கும் இடையிலான ஒட்டுறவை 0.51 என மதிப்பிட்டது. 1 என்றால் முழுமையான கணிப்பு, 0 என்றால் எந்தத் தொடர்பும் இல்லை என்று பொருள். பால் சாக்கெட்டும் அவருடைய குழுவினரும் 2022-இல் அதே தரவுகளின் கணக்கீட்டு முறையை மறுபரிசீலனை செய்தபோது, அந்த எண் ஏறத்தாழ 0.31 ஆகக் குறைந்தது. எல்லோருக்கும் ஒரே வினாக்களைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பிடும் நேர்காணல் 0.42 என்ற அளவில் அதைவிட மேலே நின்றது. ஆகவே இந்தத் தேர்வுகள் பயனற்றவையும் அல்ல, மனத்தை ஊடுருவிப் பார்க்கும் எக்ஸ்ரேயும் அல்ல. பலவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒரு தகவல் என்பதுதான் இவற்றுக்குரிய இடம். நல்ல நிறுவனங்கள் அப்படித்தான் இவற்றைப் பயன்படுத்துகின்றன. எல்லா நிறுவனங்களும் நல்ல நிறுவனங்கள் அல்ல என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

முதல் படி: அழைப்பை ஆராய்ந்து, கேட்க வேண்டியதைக் கேளுங்கள்

இணைப்பைச் சொடுக்குவதற்கு முன் மின்னஞ்சலை முழுமையாகப் படியுங்கள். தேர்வை வடிவமைத்த நிறுவனத்தின் பெயரோ தேர்வின் பெயரோ எங்காவது ஒரு மூலையில் இருக்கும். அந்தப் பெயர் தெரிந்தால் பாதித் தெளிவு கிடைத்துவிடும். ‘வாண்டர்லிக்’ என்றால் 12 நிமிடங்களில் 50 வினாக்கள் என்ற வேகத் தேர்வை எதிர்பார்க்கலாம். சட்டத் துறை நிறுவனங்கள் விரும்பிப் பயன்படுத்தும் ‘வாட்சன்–கிளேசர்’ தேர்வில் ஊகித்தல், மறைந்திருக்கும் அனுமானத்தைக் கண்டறிதல், தருக்க முடிவு காணுதல், தகவலுக்குப் பொருள் கொள்ளுதல், வாதத்தை மதிப்பிடுதல் என ஐந்து பகுதிகள் உள்ளன. ‘ரேவன்’ என்ற பெயர் இருந்தால் சொற்களே இல்லாத உருவ வினாக்கள் வரும். ஜான் ரேவன் 1938-இல் வெளியிட்ட வடிவத்தின் வழித்தோன்றல் அது. ‘ஓபிக்யூ’ என்பது எஸ்.எச்.எல். நிறுவனத்தின் ஆளுமை வினாத்தாள். அதன் பரவலான பதிப்பு பணியிடம் சார்ந்த 32 பண்புகளை அளக்கிறது. வினாக்களின் எண்ணிக்கையும் நேரமும் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியவை என்பதால், அழைப்பில் உள்ள விவரத்தையே இறுதியாகக் கொள்ளுங்கள்.

பெயர் இல்லாவிட்டால் மனிதவளப் பிரிவுக்கு எழுதிக் கேட்பதில் தயக்கம் தேவையில்லை. என்னென்ன வகைத் தேர்வுகள், மொத்த நேரம் எவ்வளவு, எந்தெந்த மொழிகளில் எழுதலாம், கணிப்பான் அனுமதிக்கப்படுமா, நடுவில் நிறுத்தித் தொடர முடியுமா, மாதிரி வினாக்கள் உண்டா, முடிவை எப்படிப் பயன்படுத்துவார்கள் ஆகியவற்றைக் கேட்கலாம். இவற்றைக் கேட்பது பலவீனமாகக் கருதப்படும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. முறையாகத் தேர்வு நடத்தும் எந்த நிறுவனத்துக்கும் இவை அன்றாடக் கேள்விகளே. பதில் சொல்லத் தெரியாத நிறுவனத்தைப் பற்றித்தான் நீங்கள் யோசிக்க வேண்டும்.

பார்வைக் குறைபாடு, எழுத்துகளைப் படிப்பதில் சிக்கல், கவனக்குறைவுக் கோளாறு, கை அசைவில் சிரமம் போன்றவை இருந்தால் கூடுதல் நேரம், பெரிய எழுத்து, திரைவாசிப்பான் உதவி, மாற்றுத் தேர்வு முறை ஆகியவற்றைக் கோரலாம். பல நாடுகளில் இது சட்டப்படியான உரிமை. ஆனால் கோரிக்கை தேர்வுக்கு முன்பே போக வேண்டும். எழுதி முடித்த பிறகு சொன்னால் மதிப்பெண்ணைத் திருத்த வழி இருக்காது. மருத்துவ விவரம் முழுவதையும் எழுத வேண்டியதில்லை. என்ன ஏற்பாடு தேவை என்பதையும், கேட்டால் அதற்கான சான்று தர முடியும் என்பதையும் குறிப்பிட்டால் போதும்.

இரண்டாம் படி: திறன் தேர்வுக்கு முறையாகப் பயிற்சி பெறுங்கள்

உழைப்பு முழுவதையும் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஒரே வகைத் திறன் தேர்வை இரண்டாம் முறை எழுதுபவர்களின் மதிப்பெண் சராசரியாக ஏறத்தாழ கால் திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதற்கான அளவு) உயர்கிறது என்று தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன. இது மிகப் பெரிய உயர்வு அல்ல. ஆயினும் நடுத்தர நிலையில் இருப்பவரை வெட்டுப்புள்ளிக்கு, அதாவது தேர்ச்சிக்கான குறைந்தபட்ச மதிப்பெண்ணுக்கு, மேலே தூக்கிவிட இது போதும். இந்த உயர்வில் பெரும்பங்கு அறிவு கூடியதால் வருவதல்ல. வினாவின் வடிவம் பழகிப்போவதாலும், நேரத்தைப் பங்கிடத் தெரிவதாலும், பதற்றம் குறைவதாலும் வருவது. அப்படியென்றால் முதல் அனுபவத்தை மாதிரித் தேர்விலேயே முடித்துவிட்டு, உண்மைத் தேர்வை இரண்டாம் அனுபவமாக ஆக்கிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

எண் சார்ந்த வினாக்களில் கேட்கப்படும் கணிதம் பெரும்பாலும் பள்ளி நடுநிலை வகுப்புகளைத் தாண்டாது. விழுக்காடு, விகிதம், சராசரி, அலகு மாற்றம், அட்டவணை வாசிப்பு ஆகிய ஐந்துமே திரும்பத் திரும்ப வரும். கடினம் வேறிடத்தில் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டு: ஒரு தொழிற்சாலையின் இந்த ஆண்டு உற்பத்தி 5,520 அலகுகள், இது சென்ற ஆண்டைவிட 15% அதிகம். சென்ற ஆண்டின் உற்பத்தி எவ்வளவு? அவசரப்படுபவர் 5,520-இல் 15 விழுக்காடான 828-ஐக் கழித்து 4,692 என்று விடை காண்பார். அந்த எண் தெரிவுகளில் தயாராகக் காத்திருக்கும். சரியான வழி 5,520-ஐ 1.15-ஆல் வகுப்பது, விடை 4,800. தவறான தெரிவுகள் ஏனோதானோவென்று எழுதப்படுபவை அல்ல, மக்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகளிலிருந்து உருவாக்கப்படுபவை. எனவே உங்கள் விடை தெரிவுகளில் இருப்பதே அது சரி என்பதற்குச் சான்று ஆகாது. அட்டவணை வினாக்களில் தலைப்பையும் அலகையும் முதலில் படியுங்கள். ‘ஆயிரங்களில்’ என்ற ஒரு சொல்லைக் கவனிக்காமல் விடைகளை இழப்பவர்கள் ஏராளம்.

மொழி சார்ந்த வினாக்களில் ஒரு பத்தியைக் கொடுத்து, அதன்கீழ் வரும் கூற்று சரியா, தவறா, சொல்ல இயலாதா என்று கேட்பார்கள். மூன்றாவது தெரிவுதான் பலரையும் தடுமாறச் செய்கிறது. பத்தி இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: “புதிய மென்பொருள் நடைமுறைக்கு வந்த ஆறு மாதங்களில் எட்டுக் கிளைகளிலும் வாடிக்கையாளர் புகார்கள் குறைந்தன. அதே காலத்தில் மூன்று கிளைகளில் மட்டும் கூடுதல் பணியாளர்கள் நியமிக்கப்பட்டனர்.” புகார்கள் குறைந்ததற்குப் புதிய மென்பொருளே காரணம் என்ற கூற்றுக்கு விடை ‘சொல்ல இயலாது’ என்பதே. இரண்டும் ஒரே காலத்தில் நடந்தன என்று பத்தி சொல்கிறதே தவிர, ஒன்று மற்றொன்றை உண்டாக்கியது என்று சொல்லவில்லை. எல்லாக் கிளைகளுக்கும் கூடுதல் பணியாளர்கள் கிடைத்தனர் என்ற கூற்று தவறு. ஏனெனில் ‘மூன்று கிளைகளில் மட்டும்’ என்ற சொற்கள் அதை நேரடியாக மறுக்கின்றன. வெளியுலக அறிவையும் பொது அனுபவத்தையும் வாசலிலேயே விட்டுவிட்டு, பத்தியில் உள்ளதை மட்டும் நம்ப வேண்டும். துறை அனுபவம் மிகுந்தவர்களும் இந்தப் பகுதியில் சறுக்குவதற்குக் காரணம் இதுவே: தங்களுக்குத் தெரிந்ததைப் பத்தி சொன்னதாக எடுத்துக்கொள்கிறார்கள். ‘எல்லா’, ‘சில’, ‘மட்டும்’, ‘பெரும்பாலும்’ போன்ற அளவுச் சொற்களில் கண் நிற்க வேண்டும்.

உருவ வரிசைகளில் மொத்த உருவத்தையும் ஒரே பார்வையில் பிடிக்க முயலாதீர்கள். வடிவம், எண்ணிக்கை, நிறம் அல்லது நிழல், சுழற்சி, இடம் என்று ஒரு பண்பை மட்டும் எடுத்து, அது கட்டத்துக்குக் கட்டம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். ஒரு விதி பிடிபட்டவுடன் அதற்கு ஒத்துவராத தெரிவுகளை நீக்கினால், இரண்டாவது விதியைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே விடை கிடைத்துவிடுவதும் உண்டு. இயந்திரவியல், இடஞ்சார் சிந்தனை, பிழை கண்டுபிடித்தல் போன்ற தேர்வுகள் குறிப்பிட்ட பணிகளுக்கு மட்டும் வருபவை. அழைப்பில் அவை குறிப்பிடப்பட்டிருந்தால் மட்டும் பயிற்சி செய்யுங்கள்.

பயிற்சி எவ்வளவு காலம் வேண்டும் என்பதற்குப் பொது விதி இல்லை. கடிகாரம் வைக்காமல் வினா வகைகளைப் புரிந்துகொள்வது, பின்னர் கடிகாரத்துடன் எழுதுவது, பிறகு தவறிய ஒவ்வொரு வினாவையும் ஏன் தவறியது என்று பார்ப்பது ஆகிய மூன்றையும் இந்த வரிசையில் செய்யுங்கள். மூன்றாவதைத்தான் பெரும்பாலோர் தவிர்க்கிறார்கள், பலன் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. தேர்வு வெளியீட்டாளர்களே பலரும் இலவச மாதிரித் தேர்வுகளைத் தங்கள் தளங்களில் வைத்திருக்கிறார்கள். பணம் கொடுத்து ‘உண்மையான வினாத்தாள்’ வாங்குவதில் பொருளில்லை, ஏனெனில் பெரிய தேர்வுகள் வினா வங்கியிலிருந்து ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு வினாக்களை எடுத்துத் தருகின்றன.

மூன்றாம் படி: சூழ்நிலைத் தீர்மானத் தேர்வைப் புரிந்துகொள்ளுங்கள்

பணியிடத்தில் நிகழக்கூடிய ஒரு சிக்கலை விவரித்து, நான்கைந்து செயல்களைக் கொடுத்து, மிகச் சிறந்ததையும் மிக மோசமானதையும் தேர்ந்தெடுக்கச் சொல்வது இந்தத் தேர்வு. இரண்டு குடும்பங்களுக்கும் நடுவில் நிற்கும் இதில் விடைக்குறிப்பு உண்டு. அதை அந்தப் பணியை நன்கு அறிந்தவர்களின் ஒருமித்த கருத்திலிருந்து உருவாக்குகிறார்கள்.

அறிவுறுத்தலைக் கூர்ந்து படியுங்கள். “நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்று கேட்பதும் “என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்பதும் ஒன்றல்ல. முன்னது உங்கள் இயல்பை விசாரிக்கிறது, பின்னது உங்கள் தீர்மான அறிவைச் சோதிக்கிறது. ஒரு சக பணியாளர் தன் பங்கைத் தொடர்ந்து தாமதமாகத் தருவதால் உங்கள் அறிக்கை உரிய நேரத்தில் முடிவதில்லை என்பது சூழ்நிலை என்றால், உடனே மேலாளரிடம் முறையிடுவதும், எதுவும் சொல்லாமல் அவர் வேலையையும் நீங்களே செய்துவிடுவதும் பெரும்பாலான விடைக்குறிப்புகளில் கீழே இருக்கும். அவரிடம் தனியாகப் பேசிக் காரணத்தை அறிந்து ஒரு கால அட்டவணைக்கு ஒப்புக்கொள்வது மேலே இருக்கும். ஆனால் பாதுகாப்பு, மோசடி, துன்புறுத்தல் தொடர்பான சூழ்நிலை என்றால் வரிசை தலைகீழாக மாறும். அங்கே தனியாகப் பேசித் தீர்த்துக்கொள்வதே மோசமான விடையாகலாம். நிறுவனம் தன் மதிப்பீடுகளாக எவற்றை அறிவித்துள்ளது என்று முன்கூட்டியே படித்துவைப்பது இந்தத் தேர்வுக்கு உண்மையாகவே உதவும்.

நான்காம் படி: ஆளுமை வினாத்தாளை எப்படி அணுகுவது

இன்றைய ஆளுமை வினாத்தாள்கள் பலவற்றின் அடித்தளம் ஐந்து பெரும் பண்புகள் கொண்ட மாதிரி. புதியவற்றை ஏற்கும் மனம், பொறுப்புணர்வு, வெளிநோக்குத் தன்மை, இணக்கம், உணர்ச்சி நிலைப்பாடு ஆகியவையே அவை. இவற்றுள் பொறுப்புணர்வு ஏறக்குறைய எல்லாத் தொழில்களிலும் பணிச் செயல்பாட்டோடு தொடர்புடையது என்றும், வெளிநோக்குத் தன்மை விற்பனை, மேலாண்மை போன்ற மக்களோடு பழகும் பணிகளில் கூடுதல் பொருத்தமுடையது என்றும் முர்ரே பாரிக், மைக்கேல் மவுன்ட் ஆகியோர் 1991-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மனிதரைப் பதினாறு வகைகளாகப் பிரிக்கும் மையர்ஸ்–பிரிக்ஸ் கருவியை ஆள்தேர்வுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அதன் வெளியீட்டாளரே அறிவித்திருக்கிறார். ஒரு நிறுவனம் அதை வடிகட்டியாகப் பயன்படுத்துகிறது என்றால் அது விண்ணப்பதாரரைவிட நிறுவனத்தைப் பற்றியே அதிகம் சொல்கிறது.

வினாக்கள் பொதுவாக இரண்டு வடிவங்களில் வரும். முதல் வடிவத்தில் ஒரு கூற்றைக் கொடுத்து, முற்றிலும் உடன்படுகிறேன் என்பதிலிருந்து முற்றிலும் மறுக்கிறேன் என்பதுவரை ஒரு நிலையைக் குறிக்கச் சொல்வார்கள். இரண்டாவது வடிவத்தில் மூன்று கூற்றுகள் ஒன்றாக வரும்: “புதிய யோசனைகளை முன்வைப்பேன்”, “சொன்ன தேதிக்குள் முடித்துக் கொடுப்பேன்”, “பிறர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பேன்”. மூன்றில் உங்களுக்கு மிகவும் பொருந்துவதையும் மிகக் குறைவாகப் பொருந்துவதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றும் நல்லவையாகவே இருப்பதால் எரிச்சல் வருவது இயல்பு. எல்லாவற்றிலும் தன்னைச் சிறந்தவராகக் காட்டிக்கொள்ளும் வழியை அடைப்பதற்காகவே இந்த வடிவம் உருவானது. ஒன்றை ‘மிகக் குறைவு’ என்று குறிப்பதால் அந்தப் பண்பே உங்களிடம் இல்லை என்று ஆகிவிடாது. ஒரே கூற்று வெவ்வேறு துணைகளோடு வரும்போது நீங்கள் அதை எத்தனை முறை மேலே வைக்கிறீர்கள் என்பதிலிருந்தே கணக்கு அமைகிறது.

நடிக்கலாமா என்ற கேள்விக்கு நேரடியான பதில்: ஓரளவு நடிக்க முடியும் என்று ஆய்வுகள் ஒப்புக்கொள்கின்றன, ஆனால் அதன் விலை அதிகம். பல வினாத்தாள்களில் “வாழ்க்கையில் ஒருமுறைகூட நான் யார்மீதும் எரிச்சல்பட்டதில்லை” என்பது போன்ற, எந்த மனிதருக்கும் பொருந்தாத கூற்றுகள் கலந்திருக்கும். அவற்றுக்குத் தொடர்ந்து ஆம் என்பவர் தன்னை மெருகேற்றிக் காட்டுகிறார் என்று அறிக்கையில் குறிப்பு விழும். ஒரே பொருளுள்ள கூற்றுகள் வேறு சொற்களில் திரும்பவும் வந்து, விடைகள் முரண்படுகின்றனவா என்று பார்க்கும். இவற்றையெல்லாம் தாண்டிவிட்டாலும் நேர்காணலில் அந்த அறிக்கையை வைத்துக் கேள்வி கேட்பார்கள். விவரங்களில் மூழ்கி வேலை செய்வதில் பேரார்வம் உள்ளவர் என்று அறிக்கை சொல்லும்போது, அதற்கு ஓர் உண்மை நிகழ்ச்சியைச் சொல்லத் தெரியாமல் விழிப்பது விண்ணப்பதாரர்தான்.

ஆகவே நான் சொல்லக்கூடிய வழி இது. வீட்டில் இருக்கும் உங்களை ஒதுக்கிவிட்டு, கடந்த ஓரிரு ஆண்டுகளில் பணியிடத்திலோ படிப்பிலோ இருந்த உங்களை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். நல்ல நாளில் நீங்கள் நடந்துகொள்ளும் விதத்தைக் கொண்டு விடையளியுங்கள், அது பொய்யாகாது. ஒவ்வொரு கூற்றையும் நெடுநேரம் ஆராயாமல் முதலில் தோன்றுவதைக் குறியுங்கள். எல்லாவற்றுக்கும் நடுநிலையைக் குறித்துத் தப்பிக்க நினைத்தால் அறிக்கை வெறுமையாக வரும்; எல்லாவற்றுக்கும் விளிம்பைக் குறித்தால் நம்பகம் குறையும்.

ஐந்தாம் படி: இடையே வரக்கூடிய பிற தேர்வுகள்

பணம், சரக்கு, பாதுகாப்பு தொடர்பான வேலைகளில் நேர்மைத் தேர்வு வரலாம். திருட்டு பற்றிய உங்கள் கருத்தை நேரடியாகக் கேட்பது ஒரு வகை, பொறுப்புணர்வு போன்ற பண்புகள் வழியாக ஊகிப்பது மற்றொரு வகை. “பெரும்பாலோர் வாய்ப்புக் கிடைத்தால் சிறிதளவு திருடுவார்கள்” என்ற கூற்றை ஒப்புக்கொள்வது உலக ஞானமாக உங்களுக்குத் தோன்றலாம்; அந்தத் தேர்வின் கணக்கில் அது உங்களுக்கு எதிரான புள்ளி.

விளையாட்டு வடிவத் தேர்வுகளும் இப்போது பரவியிருக்கின்றன. பலூனை ஊத ஊதப் புள்ளிகள் சேர்ந்து, வெடித்தால் எல்லாம் போய்விடும் விளையாட்டு வந்தால், அது துணிந்து இடர் ஏற்கும் அளவைப் பார்ப்பதற்காக 2002-இல் வெளியான ஓர் ஆய்வுக்கூடச் சோதனையின் வழிவந்தது என்று அறிந்துகொள்ளுங்கள். வேகமாக விளையாடுபவருக்கே வெற்றி என்று கருத வேண்டாம். பதிவு செய்யப்பட்ட காணொளி நேர்காணலைக் கணினி மதிப்பிடும் முறையும் உண்டு. முகபாவனைகளைப் பகுப்பாய்வு செய்வது கடும் விமர்சனத்துக்கு உள்ளானதால், இத்துறையின் முன்னணி நிறுவனமான ஹயர்வியூ அதைக் கைவிட்டதாக 2021-இல் அறிவித்தது. இப்போது பேச்சின் உள்ளடக்கமே முக்கியமாகப் பார்க்கப்படுகிறது என்பதால், கேட்ட கேள்விக்கு நேராக, முழு வாக்கியங்களில் பதில் சொல்வதே போதிய தயாரிப்பு.

ஆறாம் படி: தேர்வு எழுதும் நாள்

கடைசித் தேதியின் கடைசி மணிநேரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். இணைப்புக் கோளாறு வந்தால் உதவிப் பிரிவு பதிலளிக்க நேரம் வேண்டும். உருவங்களும் அட்டவணைகளும் கைபேசியின் சிறு திரையில் சிதைந்து தெரியும் என்பதால், அனுமதி இருந்தாலும் கணினியிலேயே எழுதுங்கள். எழுதிப்பார்க்கத் தாள், எழுதுகோல், அனுமதி உண்டென்றால் கணிப்பான், அமைதியான இடம் ஆகியவை போதும். கேமரா வழியே கண்காணிக்கப்படும் தேர்வு என்றால் அடையாள அட்டையை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். உரக்கப் படிக்கும் பழக்கமும் திரையைவிட்டு வேறெங்கோ பார்த்து யோசிக்கும் பழக்கமும் இருந்தால், அவை சந்தேகக் குறிப்பாகப் பதிவாகக்கூடும் என்பதை முன்கூட்டியே அறிந்திருங்கள்.

தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுமா என்பதை அறிவுறுத்தலில் தேடுங்கள். குறைக்கப்படாது என்றால் எந்த வினாவையும் காலியாக விடாதீர்கள். குறைக்கப்படும் என்றால் இரண்டு தெரிவுகளையாவது நீக்க முடிந்தபோது மட்டும் ஊகியுங்கள். வேகத் தேர்வுகள் எல்லா வினாக்களையும் பெரும்பாலோர் முடிக்க முடியாதபடியே வடிவமைக்கப்படுகின்றன. ஆகவே முடிக்க முடியவில்லை என்று நடுவில் மனம் தளர வேண்டியதில்லை. தகவமைவுத் தேர்வுகள் இன்னொரு குழப்பத்தை உண்டாக்குகின்றன: சரியாக விடையளித்தால் அடுத்த வினா கடினமாகும், தவறினால் எளிதாகும். வினாக்கள் கடினமாகிக்கொண்டே போவது நல்ல அறிகுறி. இவற்றில் முந்தைய வினாவுக்குத் திரும்பவும் முடியாது என்பதால், ஒரு வினாவை விட்டுவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்ற பழைய உத்தி இங்கே செல்லாது.

வேறொருவரை எழுதவைப்பது, செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் விடை கேட்பது ஆகியவற்றின் அறம் ஒருபுறம் இருக்கட்டும், நடைமுறையிலேயே அவை ஆபத்தானவை. வீட்டிலிருந்து எழுதும் தேர்வுக்குப் பின், அடுத்த கட்டத்தில் மேற்பார்வையின் கீழ் ஒரு குறுந்தேர்வு வைத்து, இரண்டு முடிவுகளும் ஒத்துப்போகின்றனவா என்று பல நிறுவனங்கள் சரிபார்க்கின்றன.

ஏழாம் படி: முடிவு எப்படிப் படிக்கப்படுகிறது

திறன் தேர்வில் நீங்கள் சரியாக எழுதிய வினாக்களின் எண்ணிக்கை அப்படியே பயன்படுத்தப்படுவதில்லை. அதே தேர்வை முன்பு எழுதிய ஒரு குழுவோடு அது ஒப்பிடப்பட்டு, பெரும்பாலும் பெர்சன்டைல் ஆக மாற்றப்படுகிறது. 60-ஆம் பெர்சன்டைல் என்றால் நூற்றுக்கு அறுபது மதிப்பெண் என்று பொருளல்ல. ஒப்பீட்டுக் குழுவில் ஏறக்குறைய 60 விழுக்காட்டினரைவிட நீங்கள் மேலே இருக்கிறீர்கள் என்று பொருள். அந்தக் குழு யார் என்பதே பெரும்பங்கு தீர்மானிக்கிறது. ஒரே விடைத்தாள் பொதுமக்கள் குழுவோடு ஒப்பிடும்போது 80-ஆகவும், பொறியியல் பட்டதாரிகள் குழுவோடு ஒப்பிடும்போது 50-ஆகவும் இருக்கலாம்.

ஆளுமை அறிக்கைகளில் ‘ஸ்டென்’ என்ற 1 முதல் 10 வரையிலான அளவு பரவலாக உள்ளது. அதன் சராசரி 5.5, திட்டவிலக்கம் 2. பத்தில் ஐந்தோ ஆறோ பெற்றவர் குறைபட்டுக்கொள்ள வேண்டியதில்லை. மக்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் அந்த இரண்டு கட்டங்களுக்குள் இருக்கிறார்கள். எந்தப் பண்பிலும் பத்து என்பது சிறப்பு என்று ஆகாது. மிக உயர்ந்த இணக்கம் கொண்டவர் கடுமையான பேரங்களில் விட்டுக்கொடுத்துவிடலாம். மிக உயர்ந்த பொறுப்புணர்வு கொண்டவர் அரைகுறைத் தகவலோடு முடிவெடுக்கத் தயங்கலாம். எல்லா அளவீட்டிலும் ஒரு பிழை எல்லை உண்டு என்பதால் 55-ஆம் பெர்சன்டைலுக்கும் 60-ஆம் பெர்சன்டைலுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர் பொருட்படுத்தமாட்டார். ஆனால் ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களைக் குறைப்பதற்காக ஒரு வெட்டுப்புள்ளியை வைத்துக் கணினியே கழித்துவிடும் நிறுவனங்களில் அந்த நுணுக்கத்துக்கு இடமில்லை. திறன் தேர்வுக்குப் பயிற்சி பெறச் சொல்வதற்கு இதுவே வலுவான காரணம்.

எட்டாம் படி: உங்கள் உரிமைகளும், தேர்வுக்குப் பிந்தைய நாட்களும்

தேர்வுக்கும் வேலைக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்ற கோட்பாட்டுக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1971-ஆம் ஆண்டு கிரிக்ஸ் வழக்குத் தீர்ப்பு அடித்தளம் இட்டது. வாண்டர்லிக் உள்ளிட்ட பொதுத் தேர்வுகளைப் பணியில் சேர்வதற்கும் பிரிவு மாற்றத்துக்கும் நிபந்தனையாக வைத்த ஒரு மின் நிறுவனம், அவை அந்த வேலைகளுக்குத் தேவையானவை என்று காட்ட முடியாமல் தோற்றது. மனநோயைக் கண்டறிய உருவாக்கப்பட்ட எம்.எம்.பி.ஐ. வினாத்தாளைப் பதவி உயர்வுக்கான தெரிவில் பயன்படுத்துவது மருத்துவப் பரிசோதனைக்குச் சமம் என்று 2005-இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று கூறியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிமுறையின் 22-ஆம் பிரிவு, முற்றிலும் கணினியே எடுக்கும் முக்கிய முடிவுகளுக்கு வரம்பு விதிக்கிறது. சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபட்டாலும், வினாக்கள் உங்கள் மதம், அரசியல், பாலியல் நாட்டம், நோய் வரலாறு ஆகியவற்றுக்குள் நுழைந்தால், “இது இந்தப் பணியோடு எவ்வாறு தொடர்புடையது என்று தெரிவிக்க முடியுமா?” என்று எழுத்தில் கேட்பது எங்கும் பொருத்தமானதே.

அடுத்த கட்டம் நேர்காணல் என்றால், ஆளுமை வினாத்தாளில் நீங்கள் உறுதியாகக் குறித்தவற்றுக்கு ஒவ்வொன்றாக உண்மை நிகழ்ச்சிகளை யோசித்து வையுங்கள். பலவீனமாகத் தோன்றக்கூடிய இடங்களைப் பற்றிக் கேட்டால் மறுத்து வாதிடாமல், அது எந்தச் சூழலில் வெளிப்படுகிறது, அதைச் சமாளிக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

வாய்ப்புக் கிடைக்கவில்லை என்றாலும் கருத்துரை கேளுங்கள். முறையான பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர்கள் உள்ள இடங்களில் ஒரு சுருக்க அறிக்கையாவது தருவார்கள். எந்தத் திறன் பகுதி குறைந்தது என்று தெரிந்தால் அடுத்த பயிற்சி அங்கே தொடங்கலாம். அதே நிறுவனத்துக்கு மீண்டும் விண்ணப்பிக்க எண்ணினால், மறுதேர்வுக்கு எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பதையும், பழைய முடிவையே மீண்டும் பயன்படுத்துவார்களா என்பதையும், உங்கள் விடைகளை எவ்வளவு காலம் சேமித்து வைப்பார்கள் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.